சேதி சொல்பவனை நிறுத்தாதீர்கள்

செங்கல்பட்டில் கோர்ட்டைச் சுற்றியும் தாலுகா ஆபீஸைச் சுற்றியும் இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ்கள் செருகி எடுக்கப்படுகின்றன என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. ஒன்றில் பத்திர நகல் வருகிறது. இன்னொன்றில் கல்லூரி மாணவியின் ப்ராஜெக்ட். மற்றொன்றில் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் செதுக்கி முடித்த சிலையின் படங்கள், வாங்குபவருக்கு அனுப்புவதற்காக. செருகி இரண்டு மூன்று நொடிகள் ஆனதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்புகிறது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. நாம் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். கேட்டது யார் என்று யோசிப்பதில்லை.

விண்டோஸ் கணினியில் அதற்கு ஒரு பெயர் உண்டு: ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன். 2001-இல் எக்ஸ்பி வந்த காலத்திலிருந்து இருக்கிற பின்னணிச் சேவை. அதற்கென்று ஐகான் கிடையாது, ஜன்னல் கிடையாது. கணினி எழும்போது தானும் எழுந்து, அணையும்வரை காத்திருக்கும். அதன் வேலை மிகச் சிறியது. அந்தச் சின்ன வேலையை உற்றுப் பார்க்கப் பார்க்க, மனிதர் வாழ்கிற முறையைப் பற்றிப் பெரிய உண்மை ஒன்று அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த உண்மைக்கு வருவதற்கு முன், வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

யுஎஸ்பி 2 வகைப் பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது துளைக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது மின்சார விஷயம். தகவல் போகிற இரண்டு கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை, பென்டிரைவுக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை உயர்த்துகிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று போர்ட்டுக்குத் தெரிவது அதிலிருந்துதான். கணினி, வந்தவருக்கு 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றை முகவரியாகத் தருகிறது. நீ யார், யாருடைய தயாரிப்பு, என்ன வேலை செய்வாய் என்று விசாரிக்கிறது. பதில் கிடைத்ததும் பொருத்தமான டிரைவரை ஏற்றுகிறது. பிறகு ஈ, எஃப் என்று ஏதாவது ஓர் எழுத்தை ஒதுக்குகிறது. இத்தனையும் விண்டோஸின் அடித்தளத்தில், பிளக் அண்ட் பிளே போன்ற பகுதிகளில் நடந்து முடிகிறது. இதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன் வருவது இதற்குப் பிறகு. அடித்தளத்தில் நடந்ததை அது மேலே எடுத்துவந்து, அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டுகிற ஆட்டோபிளேயிடம் சேர்க்கிறது. ஆட்டோபிளே நம்மிடம் கேட்கிறது. பொருளைக் கண்டுபிடிப்பது இந்தச் சேவையின் வேலையன்று, அது கீழேயே முடிந்துவிட்டது. பொருளை என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அதன் வேலையன்று, அது நம் கையில் இருக்கிறது. கண்டதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவே சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே அதன் கடமை.

இந்த வசதி எளிதில் வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் கணினிக்குள் ஒரு சவுண்ட் கார்டு போடுவதென்றால் மூடியைக் கழற்றி, ஜம்பர் என்கிற சிறு துண்டுகளை இடம் மாற்றி, எந்த ஐஆர்க்யூ எண் காலியாக இருக்கிறது என்று தேடிப் பொருத்த வேண்டும். இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டும் தகராறு செய்யும். வந்தவரை வீட்டுக்காரர் அடையாளம் காண மாட்டார், வந்தவரே தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 அந்த நிலையை மாற்ற முயன்றது. 1996 ஜனவரியில் யுஎஸ்பியின் முதல் தரநிலை வந்தது. அதை உருவாக்கியதில் முன்னணியில் நின்ற இன்டெல் பொறியாளர் அஜய் பட், பரோடாவில் படித்து அமெரிக்கா போனவர். ஆனாலும் 1998 ஏப்ரலில், சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது ஊரறிய நீலத்திரை விழுந்தது. வாசலில் வந்து நிற்பது யார் என்று தானாக அறிந்து அமைதியாகச் சொல்வது அவ்வளவு கடினமான காரியம். இன்று அது பிசகாமல் நடப்பதற்குப் பின்னால் பலருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

அப்படிப்பட்ட சேவை நின்றுபோனால் என்ன ஆகும்? செங்கல்பட்டில் எனக்குப் பழக்கமான கடை ஒன்றில் அதைப் பார்த்தேன். விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கணினி. கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் திகைத்துப்போய் நின்றிருந்தான்.

"ஸ்கேனர் எடுக்கவே மாட்டேங்குதுண்ணே. கேபிளை மாத்திப் பாத்துட்டேன். டிரைவரையும் புதுசா போட்டுட்டேன்."

"வேற யாராவது இதுல கை வெச்சாங்களா தம்பி?"

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு ஒருத்தர வரச்சொல்லிப் பாத்தோம். தேவையில்லாததெல்லாம் ஆஃப் பண்ணிட்டேன்னாரு. அதுக்கப்புறம் நல்லா ஃபாஸ்ட்டாதான் ஓடுதுண்ணே."

தேவையில்லாதது என்று அணைக்கப்பட்ட பட்டியலில் ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷனும் இருந்தது. விண்டோஸ் 7-இல் ஸ்கேனருக்கும் கேமராவுக்கும் படம் வாங்கித் தருகிற சேவை வேறொன்று. அதன் பெயர் விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன். அது ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷனைச் சார்ந்து நிற்கிறது. கீழே இருப்பதை அணைத்தால் மேலே இருப்பது எழாது. எழுப்பிப் பார்த்தால் 1068 என்ற எண்ணோடு, சார்ந்திருக்கும் சேவை தொடங்கவில்லை என்று பதில் வரும். கேபிளிலும் குறை இல்லை, ஸ்கேனரிலும் இல்லை. நடுவில் இருந்தவரை அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மீட்பது சுலபம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று தட்டினால் சேவைகளின் பட்டியல் திறக்கும். அதில் ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷனைத் தேடி இருமுறை கிளிக் செய்ய வேண்டும். ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் டிசேபிள்டு என்று இருந்தால் ஸ்டார்ட் பொத்தான் மங்கிக் கிடக்கும், அழுத்த முடியாது. முதலில் அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி அப்ளை கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஸ்டார்ட். ஆர்பிசி எனப்படும் ரிமோட் ப்ரொசீஜர் கால் சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது அதைச் சார்ந்தது. இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி எழும்பவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் ஆட்டோபிளே அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சிஸ்டம் கோப்புகளே பழுதாகியிருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்நவ் கட்டளையைக் கொடுத்தால் அவை சரிபார்க்கப்படும். அந்தக் கடையில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சேவை எழுந்தது, ஸ்கேனரின் விளக்கு நகர்ந்தது.

அணைத்தவரைக் குறைசொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் அணைத்ததற்குப் பின்னால் வேகத்தின் மேல் ஆசை மட்டும் இல்லை, நியாயமான பயமும் இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்திலேயே ஆட்டோரன் என்று ஒன்று வந்தது. சிடியைப் போட்டதும் அதிலிருக்கும் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப் என்ற சிறு கோப்பைப் படித்து, அது சொன்ன நிரலைக் கணினி தானாக ஓட்டிவிடும். யாரையும் கேட்காது. பென்டிரைவ் பரவிய பிறகு வைரஸ் எழுதியவர்களுக்கு அதுவே கதவைத் திறந்துவிட்டது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் வேலை செய்தவர்களைக் கேட்டால், ஃபோல்டர் வடிவில் உட்கார்ந்திருந்த வைரஸ்களோடு போராடிய கதைகளைச் சொல்வார்கள். 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகளைப் பிடித்தது. அடுத்த மாதம் வந்த அதன் இன்னொரு வடிவம் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. ஆட்டோபிளே பெட்டியிலேயே ஃபோல்டரைத் திறக்கிற வரியைப் போல ஒரு போலி வரியைச் சேர்த்து அது ஏமாற்றியது.

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, பென்டிரைவிலிருந்து நிரல் தானாக ஓடுவதை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் பழைய எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே திருத்தம் அப்டேட்டாகப் போனது. திருத்தியவர்கள் எதை வெட்டினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கவனிக்க வேண்டும். பொருள் வந்திருக்கிறது என்று சொல்வதை அவர்கள் நிறுத்தவில்லை. சொன்ன கையோடு, கேட்காமல் கீழ்ப்படிவதை மட்டும் நிறுத்தினார்கள்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. காண்பது ஒரு வேலை. கண்டதைச் சொல்வது இன்னொரு வேலை. அதன்மேல் முடிவெடுப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றையும் ஒருவரிடமே கொடுத்தால் ஆபத்து வருகிறது, ஆட்டோரன் அப்படித்தான் கெட்டது. அந்த ஆபத்துக்குப் பயந்து நடுவில் இருக்கும் வேலையை அழித்தால் வேறொரு ஆபத்து வருகிறது. அது முதலாவதைவிடப் பெரியது, ஏனென்றால் அது வந்திருப்பதே நமக்குத் தெரியாது. யாரும் வரவில்லை என்பதால் நிலவும் அமைதிக்கும், வந்ததைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் நிலவும் அமைதிக்கும் உட்கார்ந்திருப்பவரால் வேறுபாடு காண முடியாது.

இது கணினிக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போனால், இதே உண்மைக்கு உயிர்களை விலையாகக் கொடுத்த மண்ணுக்கு வந்துவிடுவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29 மணி அளவில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. உலகெங்கும் நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்தன. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்று. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒரு மையமே அன்று கிடையாது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கரை ஊர்களான தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்போதும்போல நடந்துகொண்டிருந்தது. பூமி பிளந்ததை உலகம் கண்டுவிட்டது, கரைக்குச் சொல்ல வழி இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள்.

அதே காலை, அதே கரையில், சேதி போய்ச் சேர்ந்த ஓர் இடமும் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு ரியாக்டர்களில் இரண்டாவது அன்று ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விப்பதற்கான கடல்நீர், கடலுக்கு அடியில் போகிற சுரங்கத்தின் வழியாகப் பம்ப் ஹவுசுக்கு வருகிறது. அலை வந்தபோது அங்கே நீர்மட்டம் ஏறியது, பம்புகள் நின்றன. அந்த மாற்றம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு உடனே தெரிந்தது. அவர்கள் ரியாக்டரைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சுனாமி என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீர் ஏறுகிறது என்ற ஒரு சேதி, முடிவெடுக்கக்கூடிய மனிதரிடம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது, அதுவே போதுமாக இருந்தது. அந்த நிலையத்தில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த நகரியத்தில், அதே அலைக்குப் பலர் பலியானார்கள். சுவருக்கு உள்ளே சேதி சொல்ல ஏற்பாடு இருந்தது. வெளியே இல்லை.

இன்னும் தெற்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ ஊர். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிவைத்த அறிவு மையமும், அதில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. அலையின் உயரம் போன்ற அன்றாடத் தகவல்களை ஊருக்குச் சொல்வதற்காக வைத்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் ஒலிபெருக்கி முழங்கியது. ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு விலகித் தப்பினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஊர் பிழைத்தது.

நல்லவாட்டுக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கடலை அதிகம் அறிந்தவர்கள் என்று சொல்ல முடியாது. தேவனேரிக்காரருக்குத் தெரியாத கடலா? கரைக்கும் உலகத்துக்கும் நடுவே நல்லவாட்டில் ஒரு தொடர்பு உயிரோடு இருந்தது என்பதே வேறுபாடு. அந்த ஒலிபெருக்கி பேரிடருக்காக வைத்ததும் அல்ல. தினசரிச் சிறு தகவல்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் பெரிய நாளில் அது தயாராக இருந்தது. அதைக் கேட்டுப் பழகியிருந்ததால் மக்களும் நம்பினார்கள். அன்றாடம் பயன்படாத எச்சரிக்கை, ஆபத்து நாளில் திடீரென்று வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த இழப்புக்குப் பிறகு நாடு பாடம் கற்றது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடலின் தரையில் அழுத்தமானிகளை இறக்கி மேலே மிதவைகளைக் கட்டியது. பல ஆயிரம் மீட்டர் நீருக்கு அடியிலிருந்து, மேலே கடல்மட்டத்தில் நேர்கிற சென்டிமீட்டர் அளவு மாற்றத்தையும் அவை உணரும். சேதி மிதவைக்கு ஏறி, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வரும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மறுபடி 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சில நிமிடங்களில் எச்சரிக்கை புறப்பட்டது. நம் கரையில் மக்களை அப்புறப்படுத்தினார்கள். அன்று பூமி பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. வீண் அலைச்சல் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. அலை வராத அந்த நாளில்தான், சேதி சொல்கிற வழி உயிரோடு இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தது.

ஆனால் மீட்டுவிட்டோம் என்று ஒருமுறை சொல்லி முடித்துவிடுகிற வேலை இல்லை இது. கடலில் மிதவைகளில் படகுகளைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றி எடுப்பதும் நடக்கின்றன. வலை போட்டு வயிறு வளர்ப்பவருக்கு, அந்த மிதவை தன் பிள்ளைகளுக்காகவே அங்கே மிதக்கிறது என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் செல்போன்களுக்கு அலறலோடு சோதனை எச்சரிக்கை வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அலறல் தொந்தரவாக இருக்கிறது என்று அந்த வசதியை அணைத்து வைப்பவர்களுக்கு, வேண்டிய நாளில் அது ஒலிக்குமா? வேகத்துக்காகச் சேவையை அணைத்த அந்தக் கடைக் கணினிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு இருக்கிறது?

சேதி சொல்பவர்கள் மேல் நமக்கு எப்போதும் ஓர் எரிச்சல் இருக்கிறது. அவர்கள் எதையும் உற்பத்தி செய்வதில்லை. நல்ல நாளில் அவர்களால் பயனும் தெரிவதில்லை. செலவைக் குறைக்க நினைக்கிற அலுவலகமும், கணினியின் வேகத்தைக் கூட்ட நினைக்கிற கையும் முதலில் அவர்களைத்தான் தேடிப் போகின்றன. வயல்வெளியில் ஏரித் தண்ணீரைக் கவனித்துச் சொன்ன நீர்க்கட்டியும் பல ஊர்களில் அப்படித்தான் தேவையற்றவராகக் கருதப்பட்டு மறைந்தார். அதிகாரம் கையில் இருப்பவரை அணைக்க நாம் தயங்குவோம். சொல்ல மட்டும் தெரிந்தவரை அணைக்கத் தயங்குவதில்லை. ஆனால் கண்டவருடைய அறிவும், முடிவெடுப்பவருடைய திறமையும் அந்தச் சொல்பவர் இல்லாமல் ஒன்றையொன்று தொட முடியாது. சேர வேண்டியவரிடம் சேராத அறிவு, இல்லாத அறிவுக்குச் சமம். 2004-இல் உலகத்துக்குத் தெரிந்திருந்தது, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெரியவில்லை என்பதற்கு இதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் புதிதாகச் செருகிய எதற்கும் பெட்டி எழும்பவில்லை என்றால், அமைதியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சேவைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள், நின்றிருந்தால் எழுப்புங்கள். பள்ளிக்கூடக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியராக இருந்தால், காண்பதும் சொல்வதும் முடிவெடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தச் சேவையைக் காட்டியே விளக்குங்கள். கடற்கரை ஊர்க்காரராக இருந்தால், உங்கள் ஊர் ஒலிபெருக்கியும் எச்சரிக்கைக் கருவியும் இந்த மாதம் ஒருமுறையாவது ஒலித்தனவா என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கேளுங்கள். ஒலிக்கவில்லை என்றால் ஒலிக்க வைத்துப் பாருங்கள். ஒத்திகைக்கு அழைத்தால் போய் நில்லுங்கள். வேகத்துக்காகவோ சிக்கனத்துக்காகவோ எதையாவது அணைக்கக் கை நீளும்போது, அது யாருக்கு எதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று முதலில் விசாரியுங்கள். பதில் தெரியும்வரை அதை அணைக்காதீர்கள்.